ரெஸ்ட் டே அன்று போன் போடும் பெற்றோருக்கு

பிள்ளையை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பிய வீட்டில் முதலில் நடக்கும் வேலை, போட்டி அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டுவது. ஹீட்ஸ் எந்தத் தேதி, ஃபைனல் நம் ஊர் நேரத்துக்கு எத்தனை மணி என்று மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவோம். நடுவில் ஒரு நாளில் நம் பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டால் நம்மால் சும்மா இருக்க முடிவதில்லை. "அன்னிக்கு ஃப்ரீதானே, அத்தைகிட்ட வீடியோ கால்ல பேசச் சொல்லிடலாம்" என்கிறார் அப்பா. "கெமிஸ்ட்ரி நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்பிடறேன், அன்னிக்காவது உட்கார்ந்து பார்க்கட்டும்" என்கிறார் அம்மா. பாட்டிக்குப் பேரீச்சம்பழம் வேண்டும். பக்கத்து வீட்டுக்கு சாக்லேட் வேண்டும்.

அந்த நாள் காலியாக இருக்கிறது என்று நமக்கு யார் சொன்னது?

நானும் ஓடும் பெண் ஒருத்தியின் தாய். மாவட்ட மைதானத்தின் கேலரியில் காலை ஐந்தரை மணிக்கு பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நானும் இருக்கிறேன். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கப்புறம் தேசியப் பள்ளி விளையாட்டு என்று ஒவ்வொரு படியாகப் பிள்ளை ஏறும்போது நாமும் கூடவே ஏறுகிறோம். எல்லாப் படியையும் தாண்டி ஒரு பிள்ளை இந்திய அணியின் நீல உடையைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறும்போது, அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமா பெருமை? கேலரியில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும்தான். ஆகவே இதை வெளியிலிருந்து பார்த்துக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்தத் தவறு நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது.

போகிற போட்டி எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகளுக்கு சர்வதேசப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் ஜிம்னேசியேட் இருக்கிறது. 1974இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் தொடங்கியது. 2024இல் பஹ்ரைனில் அக்டோபர் 23 முதல் 31 வரை நடந்தது. 70க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 5,000க்கும் அதிகமான மாணவ மாணவியர் வந்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. 2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்தபோது மும்முறைத் தாண்டுதலில் நம் பிரவீன் சித்திரவேல் வெள்ளி வென்றார். அங்கே தடகளம் மட்டுமே 21ஆம் தேதி முதல் 27ஆம் தேதி வரை ஏழு நாள் நடந்தது. ஏழு நாளும் ஒரே ஆள் ஓடுவதில்லை, தாண்டுவதில்லை. ஒரு வீரருக்கு அதில் உண்மையான போட்டி ஒரு நாள், இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள். மற்ற நாட்களில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தாங்கிக்கொண்டு, உடம்பும் மனசும் கெடாமல் அடுத்த சுற்றுக்கு வந்து நிற்பதும் விளையாட்டில் ஒரு பாதி. அந்தப் பாதியை நம்மில் எத்தனை பேர் விளையாட்டாகவே எண்ணுகிறோம்?

காலை ஆறு மணி. நம் வீட்டில் பால் பொங்கிவிட்டது. பிள்ளையின் நினைவு வருகிறது, போனை எடுக்கிறோம். பஹ்ரைனில் அப்போது விடியற்காலை மூன்றரை. ஜெர்மனி என்றால் கோடைக்காலத்தில் இரண்டரை. நமக்கு நேர வித்தியாசம் தெரியாமல் இல்லை. ஃபைனல் எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டு மார்க்கரால் எழுதியவர்கள்தானே நாம். ஆனாலும் "எந்திரிச்சிருப்பா" என்று ஒரு நினைப்பு. இரண்டு ரிங் போனதும் கட் செய்துவிட்டு, "தூங்குறியா? சரி தூங்கு" என்று ஒரு மெசேஜும் போடுவோம். பதினாறு வயதுப் பெண், நேற்று ஓடிய கால்களோடு, அந்நிய ஊர்க் கட்டிலில் புரண்டு புரண்டு ஒரு மணிக்குத்தான் கண்ணயர்ந்திருப்பாள். ரிங் சத்தத்தில் விழித்தவள் மறுபடி தூங்குவாளா?

13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். விளையாடாத பிள்ளைக்கே இந்தக் கணக்கு. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். ஓட்டத்தில் நைந்த தசை நார்கள் சரியாவதற்கும் அதுவே முக்கியமான நேரம். பிள்ளையின் உணவுக்கு நாம் பார்க்கிற பக்குவம் கொஞ்சமா நஞ்சமா? முட்டையை எண்ணி வேக வைக்கிறோம், பாதாமை ஊற வைத்துத் தோலுரிக்கிறோம். செலவில்லாத மருந்தாகிய தூக்கத்தை மட்டும் நாமே தட்டி எழுப்பிக் கெடுக்கிறோம்.

சரி, அந்த ஓய்வு நாளில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தெரியாததால்தான் நாம் பயப்படுகிறோம்.

முதல் நாள் ஹீட்ஸில் 400 மீட்டர் முழு மூச்சாக ஓடியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் தொடை கனக்கும், கெண்டைக்கால் இறுகும். "லாக்டிக் ஆசிட் சேர்ந்திடுச்சு, ஓடினாத்தான் கரையும்" என்று கேலரியில் யாராவது சொல்வார்கள், நாமும் அதை அப்படியே போனில் ஒப்பிப்போம். உண்மையில் லாக்டிக் அமிலம் ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே இரத்தத்திலிருந்து குறைந்துவிடுகிறது. மறுநாள் வலிப்பது தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால். அந்த வலி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தணியும். தசைக்குள் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்பார்கள், அதுவும் ஓட ஓடக் குறைந்திருக்கும். நன்றாகச் செலவானது மறுபடி நிரம்ப ஒரு முழு நாள்கூட ஆகலாம். அதுவும் சோறு, சப்பாத்தி, பழம் என்று ஒழுங்காகச் சாப்பிட்டால். அன்றைக்கு அவளை ஓட வைத்தால் என்ன ஆகும்? நிரம்பிக்கொண்டிருப்பதைத் திரும்பக் காலி செய்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று செய்கிற கடும் பயிற்சியின் பலன் இன்றோ நாளையோ கிடைக்காது. உடம்பு அதை உள்வாங்கி வலுவாக மாற்றிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். நாளை மறுநாள் ஃபைனலில் அவள் ஓடப்போகும் வேகம் ஜூன், ஜூலை மாதப் பயிற்சியில் சேர்த்தது. ஓய்வு நாளில் அதில் ஒரு துளி கூட்ட முடியாது, ஆனால் தேவையில்லாமல் உடம்பை வருத்திக் குறைத்துவிட முடியும். இது கோச்சுக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு இருபது நிமிடம் லைட் ஜாக், கொஞ்சம் ஸ்ட்ரெட்சிங், பிசியோவிடம் ஒரு முறை காட்டிக்கொள்வது, மத்தியானம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் என்று திட்டம் போட்டுக் கொடுக்கிறார். அரைத்து வைத்த மாவை இரவெல்லாம் மூடியைத் திறந்து திறந்து கிளறிக்கொண்டிருந்தால் காலையில் பொங்கியிருக்குமா? நமக்குத் தெரிந்த சங்கதிதானே இது.

தெரிந்தும் கேட்கிறோம். "ரெஸ்ட்டுன்னா சும்மா படுத்துக் கிடக்கறதா? கோச் சொன்னா சொல்லட்டும், நீ ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வந்து படு. அந்த கென்யா பொண்ணு என்ன பண்றான்னு பார்த்தியா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம், "ம், ஓடினேம்மா. ஸ்ட்ரெட்சிங்கும் பண்ணிட்டேன்" என்று பதில் வரும். நமக்கு நிம்மதி. பிள்ளை ஓடவில்லை. கோச் சொன்னபடி படுத்திருந்தாள், சரியாகத்தான் செய்தாள். சரியாகச் செய்ததை அம்மாவிடம் மறைத்தாள்.

ஓய்வெடுத்ததை ஏதோ திருட்டுத்தனம் போலப் பிள்ளை நம்மிடம் ஒளிக்கும் நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது யார்?

என்னை மிகவும் உறுத்துவது இதுதான். தோற்றதைச் சொல்லப் பயப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. ஓய்வெடுத்ததைச் சொல்லப் பயப்படும் பிள்ளைகளை நாம் கவனிப்பதே இல்லை. இந்தப் பயம் ஊர் விட்டு ஊர் போன பிறகு திடீரென்று வந்ததல்ல. வீட்டில் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது.

ஞாயிறு ஒரு நாள்தான் மைதானத்துக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கு அவள் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பதை வாசலில் நின்று பார்க்கிறோம். வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. மின்விசிறியை நிறுத்துகிறோம். ஜன்னல் திரையை விலக்குகிறோம். சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுகிறது. பத்து மணிக்கு மேத்ஸ் டியூஷன். மதியம் துணி மடிக்க வேண்டும். மாலையில் "ஒரு வாக்கிங்காவது போயிட்டு வா, உடம்பு கெட்டிப்பட்டுடும்". பையனாக இருந்தால் துணி மடிக்கும் வேலை இல்லை. பெண்ணாக இருந்தால் ஓய்வு நாள் என்பது வீட்டு வேலை நாள். ஆறு நாள் ஓடிவிட்டு ஏழாவது நாள் வீடு கூட்டும் பிள்ளையின் கால்கள் எந்த நாளில் ஆறும்?

வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ பிள்ளைகளுக்குப் பயிற்சியே இல்லாமல் விட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. ஆண்டில் சில மாதங்கள் அந்த விளையாட்டையே விட்டு விலகியிருக்கவும் சொல்கிறது. அது சோம்பேறித்தனத்துக்குக் கொடுக்கும் சலுகையல்ல. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. எலும்பு முற்றி முடிகிறவரை அந்த இடம் பலவீனமானது. ஒரே அசைவை ஓய்வில்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால் அங்கேதான் முதலில் அடிபடும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு தொட்டால் வலிக்கிறது என்று நம் மைதானத்தில் எத்தனை பிள்ளைகள் சொல்கிறார்கள், எண்ணிப் பாருங்கள். "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு தைலத்தைத் தடவிவிட்டு மறுநாள் காலையில் கொண்டுபோய் விடுகிறோம். கீழ்க்காலின் முன்பக்க எலும்பில் வலி என்றால் "ஷின் பெயின், எல்லாருக்கும் வர்றதுதான்". வலியைச் சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று பிள்ளையும் சொல்வதை நிறுத்திவிடுகிறது. நுண்முறிவு வந்து எக்ஸ்ரே அறையில் நிற்கும்போது, "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று அவளைத்தான் கேட்கிறோம்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் மட்டும் தனியாக ஒரு வார்த்தை. கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனால் நம்மில் பலருக்கு அது ஒரு வசதியாகக்கூடத் தோன்றுகிறது. போட்டி நேரத்தில் தொல்லை இல்லையே என்று. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற உணவும் ஓய்வும் உடம்புக்குக் கிடைக்காமல் போகும்போது உடம்பு முதலில் நிறுத்தி வைக்கும் காரியங்களில் அதுவும் ஒன்று. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தச் சக்திக் குறைபாட்டுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்து எச்சரித்தது. எலும்பின் வலு குறையும், காயம் ஆறத் தாமதமாகும். மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டிய விஷயம் இது. போட்டிக்கு இடையில் அந்த மூன்று நாள் வந்துவிட்டால், "சமாளிச்சுக்கோ" என்று சொல்லாமல், அணியோடு போயிருக்கும் பெண் மேலாளரிடம் தயங்காமல் பேசலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறோமா?

நோட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இது நம் வீடுகளுக்கே உரிய வியாதி. ஜிம்னேசியேட் போன்ற போட்டிகள் பல நேரம் பள்ளி நடக்கும் மாதங்களில் வருகின்றன. பிள்ளை இரண்டு வாரம் வகுப்பில் இல்லை, அதற்கு முன் பயிற்சி முகாமில் சில நாள். விட்டுப்போன பாடத்தைப் பற்றிய கவலை நியாயமானதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹீட்ஸுக்கும் ஃபைனலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரே நாளில், ஹோட்டல் கட்டிலில் சாய்ந்துகொண்டு, நாம் சாய்வாக எடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கங்களை போன் திரையில் விரித்து விரித்துப் பார்த்து ஒரு பிள்ளை ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படித்துவிடும் என்று நாம் உண்மையிலேயே நம்புகிறோமா? படிப்பும் ஏறாது, ஓய்வும் கிடைக்காது. ஊருக்கு வந்த பிறகு பள்ளியில் பேசி, ஆசிரியர்களிடம் கேட்டு, இரண்டு வாரத்தில் பிடித்துவிட முடிகிற பாடம் அது. அந்த ஃபைனல் திரும்ப வருமா?

பிறகு சொந்தபந்தம். ஹீட்ஸில் தகுதி பெற்றதுமே ஃபேமிலி குரூப்பில் போட்டோ போட்டாகிவிட்டது. தெருமுனையில் பிளெக்ஸ் வைக்க சித்தப்பா அளவு கேட்கிறார். "தங்க மங்கை வருக" என்று டிசைனும் தயார். ஓடாத ஃபைனலுக்கு வரவேற்பு. அந்த பிளெக்ஸ் படத்தை "பாரு, உனக்காக எவ்வளவு பேர்" என்று அவளுக்கே அனுப்பியும் வைக்கிறோம். மாலையில் வீடியோ கால். பெரியப்பா, அத்தை, மாடி வீட்டு அங்கிள் என்று போன் கை மாறுகிறது. ஒவ்வொருவரும் ஆசீர்வாதம் செய்கிறார்கள், எல்லோருடைய ஆசீர்வாதமும் ஒரே வாக்கியத்தில் முடிகிறது: "மெடலோட வரணும்." அன்பில் குறையே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு அது எத்தனை முறை காதில் விழுகிறது என்று யாராவது எண்ணினோமா?

பஹ்ரைனில் 2024 போட்டி முடிந்த அக்டோபர் 31 அன்றுதான் தீபாவளி. வீட்டில் முறுக்கு பிழிகிற சத்தத்தையும், புதுத் துணியையும், தம்பி கொளுத்தும் மத்தாப்பையும் போனில் காட்டினால் சந்தோஷப்படுவாள் என்று நினைப்போம். சிலருக்குச் சந்தோஷமாகவும் இருக்கும். சிலருக்குத் தொண்டை அடைக்கும். பதினாறு வயதில் வீட்டை விட்டு, முதல் முறையாகக் கடல் தாண்டிப் போய், பண்டிகை அன்று அங்கே இருக்கும் பிள்ளை அது. காட்டட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காட்டலாமே.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்பதையும் பேசாமல் விட்டால் அது நியாயமில்லை. நம்மில் யாரும் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. ஆட்டோ ஓட்டும் அப்பா, முதல் சவாரியை விட்டுவிட்டு மகளை மைதானத்தில் இறக்கிவிடுகிறார். ஸ்பைக்ஸ் ஷூ வாங்க அம்மா தோடு அடகில் இருக்கிறது. சீட்டுப் பணம் எடுத்து பாஸ்போர்ட், கூடுதல் உடை, கைச்செலவு என்று கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இதற்கெல்லாம் பலன் எங்கே என்று பார்த்தால், தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டில் 500 இடங்கள், எம்.பி.பி.எஸ்.ஸில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம். அந்த வரிசையில் சர்வதேசப் போட்டிச் சான்றிதழுக்கு எடை அதிகம். அந்தக் காகிதம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் என்று நம்புகிறோம். சில வீடுகளில் மாற்றியும் இருக்கிறது. பயம் வருவது இயல்பு. ஆனால் "உனக்காகத்தான் இவ்வளவும்" என்று நாம் சொல்லும்போது, அடகு வைத்த தோட்டையும் விட்ட சவாரியையும் சேர்த்துத்தான் அவள் தொடக்கக் கோட்டில் குனிகிறாள். அவள் கால்கள் சுமக்க வேண்டியது அவள் உடம்பின் எடையை மட்டும்தானே?

ஓட்டம், தாண்டுதலை விடுங்கள். உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தைப் பாருங்கள். 2022இல் நம் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஆறு சுற்று முடிந்ததும் ஆகஸ்ட் 4 ஓய்வு நாள். உலகமெங்கிலுமிருந்து வந்த ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான விடுமுறை. 2024இல் சிங்கப்பூரில் குகேஷ் ஆடிய உலக சாம்பியன் போட்டியிலும் மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறை ஓய்வு நாள் வைத்திருந்தார்கள். 11ஆவது ஆட்டத்தில் ஜெயித்து முன்னிலை பெற்ற குகேஷ், டிசம்பர் 9 அன்று 12ஆவது ஆட்டத்தில் டிங் லிரேனிடம் தோற்றார். ஆளுக்கு ஆறு புள்ளி, எல்லாம் முதலிலிருந்து. அப்போது அவருக்கு வயது 18. மறுநாள், 10ஆம் தேதி, ஓய்வு. 11ஆம் தேதி டிரா. 12ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் ஜெயித்து உலக சாம்பியன். அந்தப் பத்தாம் தேதி நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? தோற்ற ஆட்டத்தில் எங்கே தப்பு நடந்தது என்று காலையிலிருந்து இரவு வரை கேட்டுக் கேட்டுத் துளைத்திருக்க மாட்டோமா?

ஓய்வு நாளில் பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று, இப்படிப் போய் வந்த பெண் ஒருத்தியை எங்கள் கேலரியில் உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் "ரெக்கவரி பண்ணோம் ஆன்ட்டி" என்றாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன பிறகுதான் முழுசாகச் சொன்னாள். காலையில் சாக்ஸையும் ஜெர்ஸியையும் வாஷ்பேசினில் துவைத்து, ஏசி காற்று வரும் இடத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுக் காய வைத்திருக்கிறார்கள். அறைத் தோழி ஈட்டி எறிகிறவள், ஹரியானாக்காரி. அவளுக்கு இவள் ஊறுகாய் கொடுக்க, அவள் வீட்டு லட்டு இவளுக்கு வந்தது. மத்தியானம் இரண்டு மணி நேரம் தூக்கம். மாலையில் கீழே போனால், ஒவ்வொரு நாட்டுப் பிள்ளையும் அடையாள அட்டையின் கயிறு நிறைய பின்னை மாட்டிக்கொண்டு பண்டமாற்றுச் செய்துகொண்டிருக்கிறது. இவள் கொண்டுபோன மூவர்ணக் கொடி பின்கள் தீர்ந்தே போய்விட்டன. பிரேசில் பின் கிடைக்கப் பட்ட பாட்டைச் சொல்லும்போது, ஃபைனலைப் பற்றிச் சொன்னதை விட அதிகமாக முகம் மலர்ந்தது. தன்னோடு ஹீட்ஸில் ஓடிய வெளிநாட்டுப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சைகையிலேயே கால் வலிக்கிறதா என்று கேட்டாளாம். "அதுக்கப்புறம் ஃபைனல்ல அவளைப் பார்த்து பயமே இல்ல ஆன்ட்டி" என்றாள்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னாயா என்றேன். தண்ணீர் பாட்டிலோடு அம்மா வருவதைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தாள். இல்லை.

அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். மகளுக்காக உயிரைக் கொடுப்பவள். ஆனாலும் மகளின் வாழ்க்கையில் மிக நல்ல ஒரு மாலை நேரம் அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. பின்களை மாற்றிக்கொண்டது நேர விரயமாகத் தெரியும் என்று பிள்ளை பயந்தது. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு இந்தப் போட்டிகளுக்குள்ளேயே கலாச்சார நிகழ்ச்சிகளையும், ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் தங்கள் உடை, உணவு, ஆட்டம் பாட்டத்தைக் காட்டும் இரவு ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. போட்டியை நடத்துகிறவர்களே வேண்டும் என்று வைத்திருப்பதை, வேண்டாத விளையாட்டு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு என்ன உரிமை?

மாநிலத் தேர்வுகள் நெருங்குகின்றன. நம் மைதானத்திலிருந்து இன்னும் சில பிள்ளைகள் தேசியப் போட்டிக்குப் போவார்கள், அதிலிருந்து யாராவது வெளிநாடு போகலாம். அணி கிளம்புவதற்கு முன் கோச் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவார். வழக்கமாக அந்தக் கூட்டத்தில் நாம் கேட்பது விசா, கைச்செலவு, எத்தனை கிலோ லக்கேஜ், சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பவைதான். இந்த முறை வேறு சிலவற்றையும் கேட்போம். என் பிள்ளைக்கு எந்த நாள் ஓய்வு? அன்றைக்கு நீங்கள் கொடுத்திருக்கும் திட்டம் என்ன? எத்தனை மணிக்குத் தூங்குவாள், அவளோடு பேச எந்த நேரம் நல்லது? ஒரு வேளை போன் போதுமா? கூட்டத்திலேயே எல்லோரும் சேர்ந்து ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்வோம். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தால் அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் தூக்கமும்தான் போகும். உறவினர்களின் வாழ்த்தையெல்லாம் போட்டி முடிகிற வரை நம் போனிலேயே வைத்திருப்போம். பிளெக்ஸ் வைக்கத் துடிக்கும் சித்தப்பாவை சமாளிப்பது நம் பொறுப்பு. வாங்கி வர வேண்டியவை என்று ஒரு பட்டியலும் அனுப்ப வேண்டாம். பேரீச்சம்பழம் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது.

போனில் என்ன பேசுவது என்று சிலர் கேட்கிறார்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள். தூங்கினியா என்று கேளுங்கள். அங்கே யார் யாரைப் பார்த்தாய் என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் இருங்கள். பிரேசில் பின் கிடைத்ததா என்றும் கேட்கலாம். டைமிங் பற்றி அவளாக எடுத்தால் பேசுவோம், இல்லாவிட்டால் அது ஃபைனல் முடிந்த பிறகு. "இன்னிக்கு முழுக்கத் தூங்கினேம்மா" என்று அவள் தயங்காமல் சொன்னால், "நல்லா தூங்கினியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுங்கள்.